செய்யாத பயிற்சிகளின் நோட்டு

என் கணவரின் வலக்கை விளங்காமற் போனதற்குப் பாதிக் காரணம் பக்கவாதம். மீதிப் பாதி நான்.

இதை என் மகளிடம் சொன்னதில்லை. அவருக்குச் சிகிச்சை தந்த பெண்ணிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தை அறியமாட்டீர்கள் என்ற துணிவில்தான்...

அவர் பெயர் ஜமால். பூந்தமல்லியில் வண்டிகளுக்குச் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். நான் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. மகள் நஸ்ரீனை ஆவடியில் கட்டிக் கொடுத்த பிறகு, பாரிவாக்கத்து வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை, கடைக்குக் கிளம்பியவர் செருப்பு மாட்டக் குனிந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். உயிர் தப்பியது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாய் திறந்தால் ஒரு சொல் வரும், சில நாள் அதுவும் வராது.

கோலூன்றி நடக்கத் தொடங்கியதும் மருத்துவமனையில் கவிதா என்ற இளம்பெண்ணிடம் அனுப்பினார்கள். பிசியோ மேடம் என்று நான் அழைத்தபோது சிரித்தாள்.

"நான் பிசியோ இல்லம்மா. நடக்க வெக்கிறது அவங்க வேலை. சாப்பிடறது, குளிக்கறது, சட்டை போட்டுக்கறது, இதெல்லாம் அவரே செஞ்சுக்கற மாதிரி பண்றது என் வேலை."

அவருடைய விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் காத்திருந்தாள். ஆள்காட்டி விரல் மெல்ல மடங்கியது.

"பாத்தீங்களா? இது நல்ல அறிகுறி. முதல் சில மாசம் ரொம்ப முக்கியம். அவர் கஷ்டப்படறாரேன்னு நீங்க பாய்ஞ்சு போய் செஞ்சுடாதீங்க. கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல நில்லுங்க."

என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாய்க் காட்டித் தந்தாள். சட்டை போடும்போது முதலில் விளங்காத கையை நுழைக்கவேண்டும். பொத்தானை வலக்கை விரல்களும் தொடவேண்டும். ஸ்பூனின் பிடியில் ஸ்பாஞ்சு சுற்றி, அதைப் பிடித்துச் சாப்பிடப் பழகவேண்டும். தட்டிலிருக்கும் கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகத் தம்ளரில் போடவேண்டும். எதை எத்தனை நிமிடம் செய்தார் என்று நாள்தோறும் குறிக்க ஒரு நோட்டும் கொடுத்தாள்.

முதல் வாரம் ஒழுங்காகச் செய்தோம். சட்டை போட இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மூன்றாவது பொத்தானில் விரல் நழுவும், மறுபடி பிடிப்பார், மறுபடி நழுவும். அவர் நெற்றியில் வியர்வை அரும்பும். ஏழரை மணிக்குப் பள்ளி வேன் வந்துவிடும். நானோ கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும்!

இரண்டாம் வாரம் ஒரு நாள் குனிந்து நானே பொத்தான்களைப் பூட்டினேன். அவர் இடக்கையால் என்னைத் தள்ளினார்.

"நேரமாச்சுங்க" என்றேன்.

கையை இறக்கிக்கொண்டார். அதன்பின் அவர் என்னைத் தள்ளியதேயில்லை.

மறுநாள் காலையிலிருந்து இட்லியைப் பிட்டு நானே ஊட்டினேன். கொண்டைக்கடலை டப்பாவுக்குத் திரும்பிற்று. மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எல்லா நாட்களுக்கும் எழுதினேன். சட்டை, இருபது நிமிடம். ஸ்பூன், பதினைந்து நிமிடம். ஒரே மையில் இருந்தால் ஐயம் வருமென்று இரண்டு பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். ஓரிடத்தில் 'காய்ச்சல், செய்யவில்லை' என்றும் எழுதினேன். மாணவர்களின் பொய்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் அல்லவா நான்... நம்பும்படி பொய் எழுதத் தெரிந்திருந்தது.

கவிதா அந்த நோட்டை மற்ற நோயாளிகளின் வீட்டாருக்குக் காட்டினாள். "இந்த அம்மாவைப் பாருங்க. வேலைக்கும் போய்க்கிட்டு எவ்ளோ செய்யறாங்க." நான் தலைகுனிந்து நின்றேன். அடக்கம் என்று எல்லோரும் எண்ணியிருப்பார்கள்.

நேரமில்லை என்று இதை மூடிவிடலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் ஏது? அரையாண்டு விடுமுறையில் என்ன அவசரம்? அப்போதும் நான் செய்ய விடவில்லையே. சோறு தரையில் சிந்துவதையும் அந்த விரல்கள் தடுமாறுவதையும் என்னால் பார்க்க முடியவில்லை என்பேன். அது மட்டும்தானா? எங்கள் மணவாழ்வில் அவர் கடைக்குள்ளேயே கிடந்தவர். பாதி நாள் சாப்பாடே அங்கேதான். இப்போது நான் வரும்வரை வாசலைப் பார்த்துக் காத்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்ததோ? இந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு அச்சமாக இருக்கிறது.

நான்காம் மாதம் கவிதா, பிடியின் வலுவை அளக்கும் ஒரு கருவியை அவர் வலக்கையில் கொடுத்து அழுத்தச் சொன்னாள். முள் அசையவேயில்லை. விரல்கள் முன்னைவிட இறுகி, உள்நோக்கி மடங்கியிருந்தன. நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ பயிற்சி கொடுத்தும் முன்னேற்றம் இல்லம்மா. அப்ப உள்ளயே பாதிப்பு நாம நெனச்சதவிட அதிகம்னு தோணுது. இனிமே இடது கையால எல்லாத்தையும் செய்யப் பழக்கலாம். டாக்டர்கிட்டயும் சொல்லிடறேன்."

அப்போது அவர் தலையை வேகமாக ஆட்டினார். முகம் சிவந்தது. உதடுகள் துடித்தன.

"பண்... பண்ணல."

கவிதா என்னைப் பார்த்தாள். "என்ன சொல்றார்?"

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நொடி எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

"'பண்ண முடியல'ன்னு சொல்றார் மேடம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். வழியில் எதிர்ப்பட்ட ஒருவரை யாரென்று அடையாளம் தேடுவதுபோல் பார்த்தார். கவிதா அவர் தோளைத் தட்டி, "பரவால்ல சார், உங்க மேல தப்பு இல்ல" என்றாள்.

இடக்கையால் பல் துலக்கக் கற்றார். பொத்தான் பூட்டவும் கற்றார். சோற்றை மட்டும் இடக்கையால் தொடமாட்டேன் என்றுவிட்டார். இடக்கையில் ஸ்பூனைக் கொடுத்தாலும் வைத்துவிடுவார். நினைவு தெரிந்த நாள்முதல் பிஸ்மில்லா சொல்லி வலக்கையால் சாப்பிட்டவர். முடியாதவருக்கு மார்க்கம் விலக்குத் தருகிறது என்று பள்ளிவாசல் இமாம் வீடு தேடி வந்து சொல்லியும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு என் அண்ணன் மகள் நிக்காஹ். பூந்தமல்லி மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருக்க, இவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைக்குப் பக்கத்தில் டிங்கரிங் வேலை செய்யும் ஏழுமலை, இவரைக் கண்டதும் வந்தார்.

"இன்னா பாய், எல்லாரும் துன்னுகினு கீறாங்க, நீ இங்க குந்திகினு கீற? வா, நான் ஸ்பூன் எட்த்தாறேன்."

இவர் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "நெறைய" என்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பூந்தமல்லியிலிருந்து பாரிவாக்கம் வரும்வரை ஆட்டோவில் கண்ணை மூடியே இருந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் என் கையால் சாப்பிட்டார்.

அன்று மனம் தாளாமல் கவிதாவுக்குப் போன் செய்தேன்.

"இப்ப ஆரம்பிச்சா அந்தக் கை வருமா மேடம்?"

"முயற்சி பண்ணலாம்மா. ஆனா அப்பவே நீங்க அவ்ளோ செஞ்சும் வரலையே. வீணா நம்பிக்கை கொடுத்து அவரை அலைக்கழிக்க வேணாமேன்னு பாக்கறேன்."

என் பொய்யை என்னிடமே ஆதாரமாகக் காட்டினாள். சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்றது மனம். "சரியா கேக்கல மேடம், சிக்னல் இல்ல" என்று துண்டித்தேன்.

இப்போது வேறொரு நடுக்கம். ஆறு மாதமாக அவருக்குப் பேச்சு திரும்பி வருகிறது. நஸ்ரீன் நாள்தோறும் போனில் படங்களைக் காட்டிச் சொல்ல வைக்கிறாள். 'தண்ணி வேணும்', 'ஃபேன் போடு' என்று இரண்டிரண்டு சொற்களாகச் சேர்க்கிறார். ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் அவள் கைதட்டுகிறாள். நான் அடுப்படியில் நின்று எண்ணுகிறேன்: அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்னும் எத்தனை சொற்கள் வேண்டும்? கணவன் பேசிவிடக்கூடாதே என்று அஞ்சும் மனைவியைப் பார்த்திருக்கிறீர்களா நீங்கள்?

போன ஞாயிறு நஸ்ரீன் வந்திருந்தாள். நான் தரையில் அமர்ந்து, ரசம் சோறு பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டுக் கண்கலங்கினாள்.

"அத்தா, அம்மா மட்டும் இல்லன்னா உங்க நெலம என்ன ஆயிருக்கும்?"

அவர் மென்று விழுங்கினார். என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா... பாவம்."

"பாத்தியாம்மா, அத்தாவுக்கு உம்மேல எவ்ளோ இரக்கம்" என்றாள் நஸ்ரீன்.

இரங்கியும் அந்தச் சொல்லைச் சொல்லலாம். குற்றம் சாட்டியும் சொல்லலாம். அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அவர் மறுபடியும் வாய் திறந்தார். பேசவா, சோற்றுக்கா... அதை அறியுமுன்னே அடுத்த கவளத்தை வைத்துவிட்டேன்.