மிலிட்டரிக்காரர் வீட்டுச் சப்பாத்தி

போன வாரம் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கலவரம். காரணம் — சப்பாத்தி!

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. வருஷப் படையலுக்காக நானும் மனைவியும் சென்னையிலிருந்து போயிருந்தோம். படையல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். போட்டோவுக்கு மாலை, புது வேட்டி, முன்னால் தலைவாழை இலை. போனவருக்குப் பிடித்ததெல்லாம் அந்த இலையில் இருக்க வேண்டும். கற்பூரம் காட்டி, காக்காவுக்கு வைத்த பிறகுதான் நம் வயிற்றுக்கு.

அம்மா விடிந்ததிலிருந்து ஒரே பாட்டு.

“இருந்தவரைக்கும் இது வேணும் அது வேணும்னு வாயத் தொறந்து கேட்டதில்ல அந்த மனுஷன். இன்னிக்கு ஒரு நாளாவது அவருக்குப் புடிச்சது மட்டும்தான் எலையில இருக்கணும். ஏதாவது ஒண்ணு தப்பாச்சு... எனக்கு மனசே ஆறாது.”

முதல் தப்பைச் செய்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. மஞ்சள் பையிலிருந்து ஒரு ரம் பாட்டிலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் பயபக்தியோடு வைத்தார்.

“மிலிட்டரிக்காரன் படையல்ல இது இல்லன்னா ஊர் என்ன பேசும் அண்ணி?”

அப்பா ஒரு சொட்டுத் தொட்டதில்லை. மிலிட்டரி கேன்டீனில் அவருக்குக் கிடைத்த சரக்கு மொத்தமும் போய்ச் சேர்ந்த இடம் சித்தப்பாவின் வயிறு. அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இது உங்க அண்ணனுக்குப் புடிச்சதா, உங்களுக்குப் புடிச்சதா?”

பாட்டில் மறுபடி பைக்குள் போனது. அதற்கப்புறம் சித்தப்பா எமகண்டம் எப்போது என்று காலண்டர் பார்க்க ஆரம்பித்தார். மனிதருக்கு ஏதாவது ஒரு பொறுப்பு வேண்டும் அல்லவா?

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். ராணுவத்தில் லாரி டிரைவர். லே, பட்டான்கோட், ஜோத்பூர், தேஜ்பூர் என்று இந்தியாவின் எல்லா ஓரத்திலும் வண்டி ஓட்டியவர். பனியில் ஓட்டியிருக்கிறார், மணலில் ஓட்டியிருக்கிறார். ரிட்டையர் ஆகி வந்தவர் ஒரு வாரம்கூட சும்மா உட்காரவில்லை. விடியற்காலையில் கழனி, பகலில் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு டாக்ஸி, சாயங்காலம் மாட்டுக்குப் புல். மழைக்காலத்தில் கழனி வேலை ஜாஸ்தியானால் ராத்தூக்கம் கம்மியாகும். அவ்வளவுதான்.

அதட்டலுக்கும் குறைச்சல் கிடையாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். அப்பா விசிலை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிடுவார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. “ஓரமா போங்க! கொழந்தய தூக்குங்க! ஹே பாபா, இதர் நஹி, அந்தப் பக்கம்!” பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களுக்கே அவர்தான் டூட்டி போடுவார். ஊரில் அவருக்குப் பெயரே மிலிட்டரி. வீட்டுக்குப் பெயர் மிலிட்டரி வீடு. நான் காலேஜ் போகும் வரை மிலிட்டரி பையன்.

அப்பேர்ப்பட்டவர் சாப்பாட்டில் உட்கார்ந்தால் ஊமை. உப்பு இருக்கிறதா, இல்லையா, தீய்ந்ததா... ஒன்றும் வராது. தட்டைக் காலி செய்து, கழுவி வைத்துவிட்டு எழுந்து போவார்.

இங்கேதான் சப்பாத்தி வருகிறது.

அப்பா பட்டாளத்திலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிய சமயம். ரயில் அலுப்போ என்னவோ, முதல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இத்தனை வருஷம் வடக்கே சப்பாத்தி சாப்பிட்ட உடம்பு, சோறு இறங்கவில்லை! எங்கள் தெருவில் அப்போது சப்பாத்தி என்பது ஜுரம் வந்தவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்து. யாருக்கும் செய்யத் தெரியாது. அம்மா டவுன் பஸ் ஏறிப் போய், தேரடி வீதியில் தெரிந்த ஒரு சேட்டம்மாவிடம் கற்றுக்கொண்டு வந்தாள். ஆரம்பத்தில் அப்பளம் மாதிரி உடைந்தது. அப்புறம் ரப்பர் செருப்பு மாதிரி இழுத்தது. போகப் போகச் சரியானது.

அன்றிலிருந்து அப்பா போகிற வரைக்கும், முப்பது வருஷத்துக்கு மேல், எங்கள் வீட்டில் ராத்திரி என்றால் சப்பாத்தி, பருப்பு. “அவருக்கு அதான் உசுரு” என்று அம்மா உறவு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நாங்கள் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அப்பாவுக்கு மட்டும் தனியாகச் சப்பாத்தி வரும். மிலிட்டரி மரியாதை!

ஆகவே, படையல் இலையின் நடுவில் அன்று நெய் தடவிய சப்பாத்தி அடுக்கு. சோறு பேருக்கு ஒரு கரண்டி, ஓரமாக.

கற்பூரம் ஏற்றப் போகிற நேரத்தில்தான் ஏகாம்பரம் மாமா உள்ளே வந்தார். வேலூர்க்காரர். பட்டாளத்தில் அப்பா ஓட்டிய அதே லாரியில் மாற்று டிரைவர். போட்டோவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கையை இறக்கியவர் கண் இலையில் விழுந்தது.

“இது யாருக்கு அண்ணி?”

“அவருக்குத்தான்ங்க. அவருக்குப் புடிச்சதாச்சே!”

மாமா சிரித்துவிட்டார். “சப்பாத்தியா? அவனுக்கா? நல்லா சொன்னீங்க போங்க! கேம்ப்ல தன்னோட சப்பாத்திய பஞ்சாபிக்காரன் தட்டுல வச்சிட்டு, அவன் சோத்த வாங்கித் தின்னவன் அண்ணி அவன். ரிட்டையர் ஆகி ரயில் ஏறுறப்போ என்ன சொன்னான் தெரியுமா? ‘ஏகாம்பரம், இனிமே சாவற வரைக்கும் சோறுதான்டா. அவ கையால சோறு, கருவாட்டுக் கொழம்பு’ன்னான்!”

யாரும் சிரிக்கவில்லை. மாமாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. “அது... ஊருக்கு வந்தப்புறம் ருசி மாறியிருக்கும் அண்ணி” என்று மென்று முழுங்கினார்.

அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்பா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. போலீஸையே அதட்டிய மனுஷர், ‘எனக்குச் சோறு போடு’ என்று சொல்ல முடியாதா? ஒரு வார்த்தை!

அம்மா நேராகப் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏங்க... சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு? தெனம் மாவு பெசஞ்சேனே! வேணாம்டின்னு ஒரு நாள் சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?”

என் மனைவி போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவே மறுபடி சொன்னாள், இந்த முறை சண்டை இல்லாமல்.

“மொத நாள் சப்பாத்தி சுடறப்போ கைய சுட்டுக்கினேன். இந்த வெரல் மொத்தமும் கொப்புளம். அவரு எதிர்லதான் உக்காந்திருந்தாரு. தட்டப் பாக்கல... என் கையயே பாத்துக்கினு இருந்தாரு. அன்னிக்கு எப்படிச் சொல்வாரு? அன்னிக்குச் சொல்லாதவரு அப்புறம் என்னன்னு சொல்வாரு?”

எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமா பக்கம் திரும்பினாள். “நெசத்தச் சொல்லட்டுமா தம்பி? எனக்கும் சப்பாத்தி ஒத்துக்காது. நெஞ்சக் கரிக்கும். அவரு ஆசையா சாப்புடறாரே, நாம மட்டும் சோறு தின்னா நல்லா இருக்காதுன்னு நானும் அதையே தின்னேன்.”

முதலில் சிரித்தது சித்தப்பாதான். அப்புறம் மாமா. கடைசியில் அம்மாவும் அழுகையும் சிரிப்புமாக, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்பா போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சப்பாத்தி அடுக்கு இலையிலிருந்து இறங்கியது. உலை ஏறியது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு கருவாடு வாங்க ஓடினேன்.

“எமகண்டம் வந்துடும் அண்ணி!” சித்தப்பா பதறினார்.

“முப்பது வருஷம் பொறுத்தாரு, இன்னும் அர மணி நேரம் பொறுக்க மாட்டாரா?”

இலை நிறைய ஆவி பறக்கும் சோறு. மேலே கருவாட்டுக் குழம்பு. அம்மா கற்பூரம் காட்டி, காக்காவுக்கு வைத்தாள். அப்புறம் அதே இலையில் உட்கார்ந்து, பிசைந்து, வயிறாரச் சாப்பிட்டாள்.

சொல்லாமல் இருப்பதும் ஒரு வகை அன்புதான். மறுக்கவில்லை. ஆனால், அதே அன்பில் ஒருத்தருக்கு முப்பது வருஷம் நெஞ்செரிச்சல் வந்திருக்கிறதே! நம் வீடுகளில் இப்படி எத்தனை பேர் பிடிக்காததைப் பிரியமாக முழுங்கிக்கொண்டிருக்கிறோமோ...

மறுநாள் சென்னை திரும்பும் பஸ்ஸில் மனைவியிடம் கேட்டே விட்டேன். “உண்மையைச் சொல்லு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் பண்ற பிரியாணி... நிஜமாவே உனக்குப் பிடிக்குமா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உங்கப்பா பட்ட பாடு எனக்கு நல்லாவே புரியுதுங்க.”