சத்தமில்லாமல் குதிக்கப் பழகிய கோடை

ஏழாம் வகுப்பு முடித்த கோடையில், சிதம்பரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நான் பாலே நடனம் கற்றுக்கொண்டேன். இதைச் சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை. பாலே என்றால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அது தெரிந்தவர்களோ சிதம்பரத்தில் எதற்கு அது என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருக்கும் ஒரே பதில் எங்கள் டீச்சர்.

டீச்சர் ரஷ்யாக்காரர். அந்த நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போன சிதம்பரத்து டாக்டர் ஒருவர், பட்டத்தோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். வந்த புதிதில் அந்த அம்மாளைப் பார்க்கத் தெருவில் தேர்க்கூட்டம் கூடியதாம். நான் பார்த்தபோது அவருக்கு வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். நூல் புடவை கட்டிக்கொண்டு, மார்க்கெட்டில் கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து, "இது நேத்துக் காய்தானே? எங்கிட்டயே தள்ளிவுடப் பாக்குறீங்களா?" என்று கேட்பார். மாமியாரிடம் கற்ற தமிழ். தலைமுடி மட்டும்தான் வைக்கோல் நிறம்.

என் சித்தி அந்த டாக்டரின் கிளினிக்கில் நர்ஸ். எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். அப்பாவுக்கு அங்கே ஆண்களுக்கான தையல்கடை. அம்மா காஜா எடுத்து, பட்டன் வைத்துக் கொடுப்பாள். நான் ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்பதால் கோடை விடுமுறை தொடங்கியதும் என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2007ஆம் ஆண்டு கோடையில் டீச்சர் பிள்ளைகளுக்கு இலவசமாக நடனம் சொல்லித்தரப் போவதாகத் தெரிந்ததும், பிள்ளை ஊர் சுற்றாமல் இருக்கட்டும் என்று சித்தி என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அது என்னை எவ்வளவு தூரம் சுற்றவைக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

முகூர்த்தம் இல்லாத நாட்களில் மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் எங்களுக்கு. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் குழாய்களும் நீண்ட தொட்டியும். அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்று, குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முட்டியை மடக்கி மடக்கி நிமிர வேண்டும். வாரம் முழுவதும் இதுதான் என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். ரசமும் பினாயிலும் கலந்த வாசனைக்கு நடுவில், சித்திரை வெயிலில், நாங்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்தோம். முதலில் வந்த கூட்டத்தில் பாதியை டீச்சர் கழிக்கவில்லை, வெயிலே கழித்துவிட்டது.

எனக்குப் பக்கத்தில் நின்றவள் தில்லைநாயகி. அதே ஊர்க்காரி. பூக்கடைக்காரர் மகள். நாலு வருடமாகப் பரதநாட்டியம் கற்றவள். அவளுக்குத்தான் எல்லாரையும்விடக் கஷ்டம். அவள் கால் கீழே பட்டால் சத்தம் வரும். வரவேண்டும் என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இங்கேயோ டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு நின்று, நாங்கள் குதித்து இறங்குவதைக் காதால் பார்ப்பார்.

"யாரது தேங்கா ஒடைக்கிறது? பூனை மாதிரி எறங்கணும் பாப்பா. பால் குடிக்க வந்த பூனை சத்தம் போடுமா?"

தில்லைநாயகி தலையைக் குனிந்துகொள்வாள். சாயங்காலம் சித்தி வீட்டு மொட்டைமாடியில் அவள் பூனைபோல் குதிக்கப் பழகுவாள். அலுத்துப்போனால் என்னை அரைமண்டியில் உட்காரவைத்து, "தையா தை, தட்டுடி, ஏன் பயப்படுற?" என்று எனக்கு அடவு சொல்லிக்கொடுப்பாள். கீழ்வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை தட்டுவோம்.

டீச்சர் பிறந்த ஊரில் பிள்ளைகளுக்கென்று ஒரு கலை மாளிகை உண்டு. வருடாவருடம் பல நாட்டுப் பிள்ளைகளை வரவழைத்து ஆடவைப்பார்கள். அந்த வருடம் இந்தியாவிலிருந்து எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்; போகவர டிக்கெட்டும் அவர்கள் செலவு. எங்களுக்காக டீச்சர் ஒரு சின்ன நடனம் அமைத்திருந்தார். அதன் பெயர் 'மழை'. நாங்கள் துளிகள். மே மாதக் கடைசியில் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, காலாண்டு விடுமுறையில் அழைத்துப்போவதாகச் சொன்னார். எட்டாவது பெயர் என்னுடையது. முன்வரிசையில் நிற்க வேண்டியவள் என்றும் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "உனக்குப் பயம் தெரியலயே, அதான்" என்றார். திட்டா பாராட்டா என்று விளங்காவிட்டாலும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சேதி கடலூருக்குப் போயிற்று. அங்கிருந்து குறிஞ்சிப்பாடிக்குப் போயிற்று. அங்கே அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, நிலம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் அவர் தலையாட்டாமல் ஒரு காதுகுத்துகூட நடந்ததில்லை. முழுப் பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்து பஸ் ஏறி வந்தார். பழத்தைக் கடை வாசலில் இறக்கிவைத்த கையோடு ஆரம்பித்தார்.

"வயசுக்கு வரப்போற புள்ளைய காலத் தூக்கி ஆடச் சீமைக்கு அனுப்பப் போறியா? நாளைக்கு நம்ம சனத்துல எவன்டா கட்டுவான்?"

அப்பா ஒரு பேண்ட் துணிமேல் சாக்கட்டியால் கோடு போட்டார், போட்ட கோட்டின்மேலேயே மறுபடியும் போட்டார். அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் பட்டன் டப்பாவை மூடிவிட்டு அம்மா எழுந்தாள்.

"சிதம்பரத்துல சாமியே காலத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கிறாரு மாமா. மொதல்ல அவரை எறக்கச் சொல்லுங்க. எம்பொண்ண நான் எறங்கச் சொல்றேன்."

கடையில் பேண்ட் வாங்க வந்து நின்றவர் இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்தார். பெரியப்பா, "சாமி வேற, நாம வேற" என்று தொடங்கினார். ஆனால் அந்த வாக்கியத்தை அதற்குமேல் எங்கே கொண்டுபோவது என்று அவருக்கே தெரியவில்லை. கத்தியில் எண்ணெய் தடவிப் பலாப்பழத்தை அறுக்க உட்கார்ந்தார். பாதிப் பழம் அறுத்தபின், யாரையும் பார்க்காமல் கேட்டார்: "அங்க குளிரு ஜாஸ்தியாமே. புள்ளைக்குக் கம்பளி இருக்கா?"

அதுதான் அவர் சம்மதம்.

அதன்பின் அப்பாவுக்கு வேகம் பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட்டுக்காக வீட்டை விசாரிக்க வந்த போலீஸ்காரர் அப்பா தைத்த பேண்ட்டைத்தான் போட்டிருந்தார். அந்த வேலை டீயோடு முடிந்தது. எட்டுப் பேருக்கும் பாவாடை தைக்கும் பொறுப்பை அப்பா தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பெண்கள் துணியைத் தொடாத ஜென்ட்ஸ் டெய்லர் அவர். டீச்சர் காட்டிய படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கடைவீதிக்குப் போய் வெள்ளைக் கொசுவலைத் துணியைக் கட்டாக வாங்கி வந்தார். அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்துத் தைத்து, கஞ்சி போட்டுக் காயவைத்தார். கடலூர்க் காற்றின் ஈரத்தில் பாவாடைகள் சாயங்காலத்துக்குள் துவண்டுபோயின. மறுநாள் கஞ்சியைக் கெட்டியாக்கிப் போட்டார். கடை வாசலில் எட்டும் கொடியில் தொங்கியதைப் பார்த்து, "என்னய்யா, கொசுவுக்குச் சட்டை தைக்கிறியா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எம்பொண்ணு ரஷ்யாவுல போட்டுக்கப் போறா" என்றார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

சென்னையிலிருந்து விமானம், பிறகு ரயில். டீச்சர் பிறந்த ஊர் வோல்கா ஆற்றங்கரையில் இருந்தது. நான் அதுவரை பார்த்த பெரிய ஆறு கொள்ளிடம். இது அதைவிட அகலம், தவிர இதில் தண்ணீரும் இருந்தது. ரயிலடியில் தலையில் துணி கட்டிய ஒரு வயதான அம்மாள் நின்றிருந்தார். டீச்சர் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அது டீச்சரின் அம்மா. கல்யாணமாகி வந்தபின் டீச்சர் ஒருதடவைகூடத் தன் ஊருக்குப் போனதில்லை என்று சித்தி சொல்லியிருந்தாள். அவ்வளவு நாள் பார்க்காத ஒருவரை எப்படி அடையாளம் தெரிந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நிகழ்ச்சி நாளன்று மாளிகை நிரம்பியிருந்தது. மற்ற நாட்டுப் பிள்ளைகளின் பளபளத்த உடைகளைப் பார்த்துவிட்டு எங்கள் கொசுவலையைக் குனிந்து பார்த்துக்கொண்டோம். ஆனால் அந்த ஊரின் உலர்ந்த குளிரில் அப்பாவின் பாவாடைகள் வாழ்க்கையிலேயே முதல்முறையாக விறைத்து, விரித்த தாமரைபோல நின்றன. டீச்சர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "டெய்லர் சார் கெட்டிக்காரர்" என்றார்.

மேடை ஏறினோம். இசை தொடங்கியது. தொட்டி விளிம்பைப் பிடித்துக் கற்றதெல்லாம் காலுக்கு ஞாபகம் இருந்தது. எட்டுத் துளிகளும் சத்தமில்லாமல் குதித்து, சத்தமில்லாமல் இறங்கினோம். பாதி தாண்டியிருப்போம். திடீரென்று இசை இரண்டுமுறை விக்கியது. பிறகு நின்றே போனது.

கைகளைத் தூக்கியபடி நின்றோம். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒருவர் நாற்காலியில் அசைவதுகூடக் கேட்டது. ஓரத்தில் டீச்சர் யாரையோ பார்த்துக் கையை ஆட்டுவது தெரிந்தது. முன்வரிசையில் நிற்கும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பயம் தெரியாதவள் என்ற பெயர் அந்த இடத்தில் கழன்று விழுந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

என் முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஏதோ விழுந்தது. தில்லைநாயகி தன் மெல்லிய துணிச்செருப்புகளைக் கழற்றி உதறியிருந்தாள். வெறுங்காலோடு அரைமண்டியில் உட்கார்ந்து தட்டினாள்.

தையா தை.

சிமென்ட் தரையில் தட்டிப் பழகிய காலுக்கு அந்த மரமேடை தவில்போல முழங்கியது. அவளே ஒரு கணம் திடுக்கிட்டதை உணர்ந்தேன். பிறகு இன்னும் பலமாகத் தட்டினாள். நான் அதற்குமேல் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. என் செருப்புகளையும் கழற்றி எறிந்துவிட்டு மொட்டைமாடியில் கற்றதைத் தட்டினேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அடவு தெரிந்தவர்கள் அடவு தட்டினார்கள். தெரியாதவர்கள் வெறுமனே மிதித்தார்கள். அதுவரை சத்தமில்லாமல் பெய்த மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டத் தொடங்கியது.

கோடை முழுவதும் சத்தம் கூடாது என்று சொன்னவர் என்ன செய்யப் போகிறாரோ என்று ஓரத்தைப் பார்த்தேன். டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்:

"தட்டுங்கடி! இன்னும் நல்லாத் தட்டுங்க!"

கூட்டம் எங்கள் தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தது. ஒரே சீராக, ஆயிரம் கால் சேர்ந்து மிதிப்பதுபோல. அந்தத் தாளத்தின்மேலேயே கையை விரித்து, சுற்றி, மிச்ச நடனத்தையும் ஆடி முடித்தோம். கடைசிக் குதிப்பில் யாருமே பூனைபோல் இறங்கவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முதல் வரிசையில் டீச்சரின் அம்மா நாற்காலிமேல் ஏறி நிற்கப் பார்க்க, பக்கத்திலிருந்தவர்கள் பிடித்து இறக்கினார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இன்றுவரை எந்த மேடையும் எந்தச் சம்பளமும் எனக்குத் தந்ததில்லை.

ஊர் திரும்பியதும் இதையெல்லாம் கேட்டவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டினேன். அப்பா என்னை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தையல் எங்கயாவது விட்டுச்சா?" இல்லை என்றதும் கடைக்குள் போய்விட்டார். வெகுநேரம் மெஷின் ஓடும் சத்தம் கேட்கவில்லை. பெரியப்பாவோ குறிஞ்சிப்பாடி டீக்கடையில், "எங்க வூட்டுப் பொண்ணு ரஷ்யாவுல காலத் தூக்கி ஆடிச்சு, கூட்டம் எந்திரிச்சு நின்னுடுச்சு" என்று ஆளைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். சாமியே அப்படித்தான் நிற்கிறார் என்ற வாதத்தைத் தான் கண்டுபிடித்ததாகவும் சேர்த்துக்கொண்டார். அம்மா அதைத் திருத்தவில்லை.

நான் யாருக்கும் சொல்லாதது ஒன்று உண்டு. மறைக்கவில்லை. அதில் சொல்ல எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் கிளம்பிய காலையில் டீச்சரின் அம்மா ரயிலடிக்கு வந்திருந்தார். ஒரு பை நிறைய அவித்த முட்டையும் ரொட்டியும் எங்களுக்குக் கொடுத்தார். எங்கள் ஒவ்வொருவர் கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். பிறகு மகளுக்கு முன்னால் நின்று, கோட்டுப் பட்டன்களைக் கீழிருந்து கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார், எங்கள் வயதுப் பிள்ளைக்குப் போடுவதுபோல. டீச்சர் கையைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றார். ரயில் ஊதியது. டீச்சர் எங்கள் பக்கம் திரும்பி, "நேரமாயிடுச்சு. எல்லாரும் ஏறுங்க, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

அவர் அம்மா ஏதோ கேட்டார். பிள்ளைகளிடம் தமிழில் என்ன சொன்னாய் என்று கேட்டிருக்க வேண்டும். டீச்சர் வாயைத் திறந்தார், சொல்லவில்லை. அம்மா காத்துக்கொண்டு நின்றார்.

நான் அதற்குள் ஏறி ஜன்னலோரம் இடம்பிடித்துவிட்டேன். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "டீச்சர், சீக்கிரம் வாங்க! வூட்டுக்குப் போலாம்!" என்று கத்தினேன்.

அவர் உடனே வரவில்லை. என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். இவ்வளவு பெரிய ஆளுக்கு இந்தப் படியில் ஏற இத்தனை தயக்கமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்திலிருந்த தில்லைநாயகியிடம், "டீச்சருக்கு ரயில்னா பயம்டி" என்றேன். அவளும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றாள்.