ஆம்பூரில் ஒரு லாஸ்ட் பாட்டு

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்குக் காட்பாடியில் இறங்கினேன். கையில் ஆர்மோனியப் பெட்டி. பிளாட்பார டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, கல்யாணக் கச்சேரிக்கா என்று விசாரித்தார். சர்ச்சில் பாட்டு என்றேன். திருச்சியில் எங்கள் கோவில் பாடகர் குழுவுக்கு இருபது வருஷமாக நான்தான் ஆர்மோனியம். சுருதி பிசகினால் எனக்குக் கோபம் வரும். பாடுவது பாதிரியாராக இருந்தாலும் வரும்.

என்னைக் கூப்பிட்டது என் சித்தி மகள் எஸ்தர். ஆம்பூரில் ஒரு சின்னக் கோவிலுக்கு ஆயராக வந்து நான்கு வருஷம் ஆகிறது. "ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு ஷூ கம்பெனிப் பொண்ணுங்க பாடுவாங்க அண்ணா. ஒரு தடவை வந்து வாசிச்சுட்டுப் போங்க" என்று ஆறு மாதமாக நச்சரித்தாள்.

காட்பாடியிலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். பாசஞ்சர் ரயிலில் பதினைந்து ரூபாய். குடியாத்தத்தில் லுங்கி மூட்டைகள் ஏறின, மனிதர்கள் நசுங்கினோம். ஆம்பூரில் இறங்கியதும் தோல் பதனிடும் வாடை மூக்கில் அறைந்தது. ஆட்டோக்காரர் நான் கைக்குட்டை எடுப்பதைக் கவனித்துவிட்டார்.

"ரெண்டு நாள் இருங்க சார், மூக்கு பழகிடும். சர்ச்சுல மூணு மணிப் பாட்டுக்கா வந்துகீறீங்க?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"எங்க வூட்ல போவாங்க சார். நாங்க மாரியம்மா கும்புட்றவங்க. அங்க இன்னா சாமின்னு யாரும் கேக்க மாட்டாங்க."

அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு, பெட்டியை அவரே வாசல்வரை தூக்கி வந்து வைத்தார்.

பிரியாணி சாப்பிட்டேனா என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள். சாப்பிட்டேன், சர்ச்சிலேயே, கத்தரிக்காய்த் தொக்கோடு. அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன். பரிமாறிய பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயர் மல்லிகா, குடியாத்தம் பக்கம். ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் தையல் மெஷினில் இருந்தவர். இப்போது வேலை இல்லை.

"இன்னா நடந்துச்சுன்னா சார், முப்பது பேரு இருக்கிற லைனுக்கு ஒரே டோக்கன். அது கையில இருந்தாத்தான் பாத்ரூம் போவலாம். என் பக்கத்து மெஷின்ல ஏழு மாசக் கர்ப்பிணி. டோக்கன் எடுத்துப் போனவ திரும்பி வரல. இவளால முடியல, அழுவுறா. நான் லைனை நிறுத்திட்டுக் கையப் புடிச்சு இட்டுனு போய்ட்டேன். மறுநாள் என்னை வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க, வேணும்னே லைனை நிறுத்தினேன்னு எழுதி."

மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்கு வேலூரில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் அவருக்கு விசாரணை. நடந்ததைப் பார்த்தவர்கள் யாராவது வந்து சொல்ல வேண்டும். அந்தக் கர்ப்பிணிப் பெண் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்களைக் கேட்டால் தலையைக் குனிகிறார்கள்.

"தப்பு சொல்ல முடியாது சார், அவங்களுக்கும் புள்ளைங்க இருக்குது. தனியாப் போனா என் பேச்சு எடுபடாது. அதான் பயமா கீது."

மூன்று மணிக்குக் கூடத்தில் பாய் விரித்து நாற்பது பெண்கள் உட்கார்ந்தார்கள். பொட்டு வைத்தவர்கள், புர்கா போட்டவர்கள், கழுத்தில் சிலுவை தொங்கியவர்கள் எல்லோரும் கலந்து. எஸ்தர் ஜெபம் செய்தாள். எந்தக் கடவுளின் பெயரையும் சொல்லாமல், உழைக்கிற கைகளுக்காகவும் வலிக்கிற முதுகுகளுக்காகவும் கேட்டுக்கொண்டாள். முடிவில் சிலர் ஆமென் என்றார்கள், சிலர் ஆமீன் என்றார்கள், குடியாத்தத்துக்காரர்கள் தங்கள் ஊர் அம்மனை அழைத்து "கெங்கம்மா தாயே" என்றார்கள். எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் கூடத்தில் வேறு யாரும் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

பாட்டுகள் அவர்களே கட்டியவை. சுருதியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. மூன்று பாட்டு முடிந்ததும் எஸ்தர், "அடுத்து லாஸ்ட் பாட்டு" என்றாள். அதற்குள் முடிந்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டு, எங்கள் கோவிலில் போலக் கடைசிப் பாட்டுக்கு ஆர்மோனியம் வேண்டாம் என்று துருத்தியை மூடிப் பெட்டிக்குள் வைத்துத் தாழும் போட்டேன். கூடம் முழுக்கச் சிரிப்பு.

"சார், அது கடைசிப் பாட்டு இல்ல. லாஸ்டிங் செக்‌ஷன் பாட்டு" என்றார் முன்வரிசைப் பெண் ஒருவர்.

கால் வடிவத்தில் பிளாஸ்டிக்கில் ஓர் அச்சு இருக்குமாம். அதற்குப் பெயர் லாஸ்ட். அதன் மேல் தோலை இழுத்து ஒட்டினால்தான் சீமைக்குப் போகிற ஷூ வரும். அந்த இடத்தில் வேலை செய்கிறவர்கள் கட்டிய பாட்டு அது. மறுபடி பெட்டியைத் திறந்தேன்.

"இழுத்துப் புடி, இழுத்துப் புடி, சீமைக் காலு அளவு தெரியும், இழுத்துப் புடி, இழுத்துப் புடி, எங்க வலி யாருக்குத் தெரியும்" என்று தரையில் கையால் தட்டிப் பாடினார்கள். கடைசியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். யாருக்காவது துணை வேண்டியிருந்தால் அவர் பெயரைச் சொல்லி, "கூட யாரு, கூட யாரு" என்று பாடுவார்கள். போகத் தயாராக இருப்பவர் தன் பெயரைச் சேர்த்துப் பதில் பாட வேண்டும். பேரைப் பாடிவிட்டால் போயே ஆக வேண்டும்.

"மல்லிகா கூட யாரு" என்று பாடினார்கள். பதில் இல்லை. தட்டுவதை மட்டும் விடவில்லை. மல்லிகா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு முறை பாடினார்கள். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன்.

கதவோரமாக ஒரு பெண் எழுந்தார். அவர் ஷாஹீனா என்றும், மல்லிகாவின் லைனுக்கு சூப்பர்வைசர் என்றும், அவர் வேண்டுமென்றே லைனை நிறுத்தியதாக எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான் என்றும் எஸ்தர் என் காதருகே சொன்னாள்.

"நான் ஷாஹீனா, நான் பாத்தேன், நான் வர்றேன்."

எந்தச் சுருதியிலும் சேராத குரல். என்னால் கட்டை பிடிக்க முடியவில்லை. பிடிக்கவும் வேண்டாம் என்று கையை எடுத்துவிட்டேன். அடுத்தடுத்து இன்னும் நாலு பேர் தங்கள் பேரைப் பாடினார்கள். மல்லிகா அழுதார். நானும் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

திங்கள் காலை எட்டு மணிக்கு அவர்களோடு நானும் பஸ் ஏறினேன். எனக்குக் காட்பாடியில் மதியம் ரயில். வேலூர் நெருங்கும்போது ஷாஹீனா மல்லிகாவிடம், "நாளைக்கு எனக்கும் வேலை இருக்குமோ இல்லியோ. எழுதிக் குடுத்த நாள்லேர்ந்து தூக்கம் இல்ல தோஸ்த்" என்றார். மல்லிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அலுவலக அறையில் மேஜைக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள். நான் வாசலோடு நின்றேன். குமாஸ்தா ஷாஹீனாவின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "சூப்பர்வைசரா? கம்பெனிக்காரங்க அந்தப் பக்கம்மா" என்று கை காட்டினார். ஷாஹீனா நாற்காலியைத் தூக்கி வந்து மல்லிகாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

ரயில் ஏறிய பிறகு எஸ்தர் போன் செய்தாள். தீர்ப்புக்கு இன்னும் நாளாகும், ஆனால் ஷாஹீனா சொன்னதை முழுசாக எழுதிக்கொண்டார்கள் என்றாள். கூப்பிட்டதற்கு நன்றி சொன்னேன். ஆறு மாதம் இழுத்தடித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

எங்கள் கோவிலில் நாலு குரலில் பிசிறில்லாமல் பாடுகிறோம். போன வருஷம் கோவிலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவைத் திருட்டுப் பழி சொல்லி நிறுத்தினார்கள். அவர் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், அன்று நான் அங்கேதான் இருந்தேன். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நெருக்கடியில் வாயைத் திறக்கவில்லை. அவர் பெயர் ராஜம்மாள். வீடு பாலக்கரையில் எங்கோ இருக்கிறது. நாளைக் காலையில் விசாரித்துப் போக வேண்டும்.