மூன்றாம் நாளுக்கு அனுமதி இல்லை

எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். அம்பத்தூர் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில், அனுமதி வழங்கும் பிரிவில் எழுத்தராக இருந்தேன். பந்தல் போட, மைக் செட் கட்ட, சாலையைத் தோண்ட, பொது இடத்தில் கூட்டம் கூட்ட, எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு படிவம் உண்டு. வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எந்த விதியின் எந்த உட்பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

திருவிழா நடத்தவும் ஒரு படிவம் இருந்தது. ஆடி மாதம் முழுக்கச் சுற்றுவட்டாரத்தில் கூழ் ஊற்றினார்கள், தீ மிதித்தார்கள், கூத்து வைத்தார்கள். ஒருவர்கூட வந்து அந்தப் படிவத்தைக் கேட்டதில்லை. அலமாரியில் இருந்த அந்தப் படிவக் கட்டைக் கரையான் மட்டும் ஒழுங்காகப் பயன்படுத்திவந்தது. நான் பணியில் சேர்ந்த பிறகு அதைக் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

முப்பது வயது இருக்கும். அடர்ந்த மீசை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பங்கள் சில மண்ணூர்பேட்டைக்கு அப்பால் குடியிருந்தன. இவர் அவர்களில் ஒருவர், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். "தொரை" என்று ஆரம்பித்து, சட்டென்று "ஐயா" என்று மாற்றிக்கொண்டார். தோட்டத்தில் வருடா வருடம் காமன் கூத்து நடத்துவார்களாம். இங்கே வந்து இதுதான் முதல் முறை. குடியிருப்புக்குப் பக்கத்தில் இருந்த புறம்போக்கில் நடத்த அனுமதி வேண்டும் என்றார். மனுவைத் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பக்கம், முத்து முத்தான கையெழுத்து.

நான் மனுவைப் படிக்கவில்லை. படிவத்தில் உள்ள கட்டங்களை நிரப்பத் தேவையானதை மட்டும் கேட்டேன். மூன்றாம் பிறையன்று காமன் கம்பம் நடுவார்கள். தினமும் பூசை, தப்பு அடித்து ஆட்டம். பௌர்ணமியன்று சிவன் காமனை எரிப்பார். படிவத்தில் அடுத்த கட்டம், நிகழ்ச்சி முடியும் நாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எரித்த பிறகு சொல்ல என்ன இருக்கிறது என்று நானே பௌர்ணமித் தேதியை எழுதிவிட்டேன். உத்தரவை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தேன். அப்போது அதுதான் எங்களுக்குக் கௌரவம். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை பதினோரு மணிக்குத் திரும்பி வந்தார். எனக்கு முதலில் ஆள் தெரியவில்லை. மீசை இல்லை. கண்ணோரத்தில் கழுவியும் போகாத மை, காதடியில் மஞ்சள், மணிக்கட்டில் ஒரு மஞ்சள் காப்புக் கயிறு. தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. காமனின் மனைவி ரதியாக வேடம் கட்டியது அவர்தானாம். காமன் எரிந்ததும் ரதி அழ வேண்டும், அது ஒரு நீண்ட ஒப்பாரி.

அவர் சொன்னது இது. முந்தின நாள் பட்டறையில் யாரோ உத்தரவைப் படித்துச் சொன்னபோதுதான், அனுமதி அன்றோடு முடிகிறது என்று தெரிந்திருக்கிறது. ஆனால் கூத்து எரிப்பதோடு முடிவதில்லை. மூன்றாம் நாள் காமனை எழுப்ப வேண்டும். எழுப்பிய பிறகுதான் ரதியின் காப்பை அவிழ்க்கலாம். நாளைக்குத்தான் மூன்றாம் நாள். ஒரே ஒரு நாள் கூட்டிக் கொடுங்கள் என்றார்.

நான் விதியைச் சொன்னேன். நீட்டிப்பு வேண்டுமென்றால் ஏழு நாள் முன்னதாக மனுக் கொடுக்க வேண்டும். இன்று கொடுத்தால் அடுத்த வாரம் நடத்திக்கொள்ளலாம்.

"செத்தவர அடுத்த வாரம் எழுப்ப முடியுங்களா ஐயா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"எரிஞ்சவன எழுப்ப எங்க சட்டத்துல எந்த நாளும் இடமில்லப்பா. மேல சிவன் ஆபீஸ்ல மனு போட்டுப் பாரு" என்றேன்.

அறை முழுக்கச் சிரித்தது. பக்கத்து மேசைக்காரர் அதை அடுத்த அறைக்கும் போய்ச் சொன்னார். நான் பேசியதற்கு அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் கிடைத்ததில்லை.

சிரிப்பு அடங்கும்வரை அவர் நின்றார். பிறகு மேசையருகே குனிந்து, கட்டிய குரலில் மெதுவாகச் சொன்னார்.

"எம் பொஞ்சாதி இன்னும் சிலோன்லதாங்க இருக்கு. எங்க பேரு இந்தியக் கணக்குல பதிஞ்சிச்சு, அதோட பேரு பதியல. அது வந்து சேரணும்னுதான் இந்த வேசங் கட்டினேன். எழுப்பாம விட்டா..."

அந்த இடத்தில் நான் இறங்கி வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு அறையையே சிரிக்க வைத்தவனுக்கு இறங்கிவருவது சுலபமில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தேன்.

எங்கள் அலுவலகப் பியூன் மண்ணூர்பேட்டை ஆள். பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் குடும்பம். வாசலில் அவரை மடக்கி, ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினார்.

"நீ இன்னா நைனா, இங்க வந்து கேட்டுகினு கீற? எங்க ஆளுங்க எவன்னா எதுக்குனா இங்க வந்து கேட்டுகீறானா? நீ பாட்டுக்கு எழுப்பிக்கினு போ. இவரு வந்தா பாக்கப் போறாரு?"

"வேணாங்க அண்ணே. கைல காகிதம் இல்லேன்னுதான் அங்கேருந்து எங்கள அனுப்புனாங்க. இங்கயும் காகிதம் இல்லாம ஒண்ணும் செய்ய மாட்டோம்."

மத்தியானம் கோப்பில் குறிப்பு எழுதுவதற்காக அந்த மனுவை எடுத்தேன். அப்போதுதான் படித்தேன். முதல் பக்கத்தின் அடியிலேயே இருந்தது: பௌர்ணமியிலிருந்து மூன்றாம் நாள் காமனை எழுப்பி நிகழ்ச்சியை நிறைவு செய்வோம். அதன் கீழ் ஒரு கோடும் போட்டிருந்தார்.

ஆக, அவர் நீட்டிப்புக் கேட்கவே தேவையில்லை. பிழை என்னுடையது. எழுத்துப் பிழையைத் திருத்த ஏழு நாள் வேண்டாம், ஏழு நிமிடம் போதும். தேதியை அடித்து, மேலே சரியான தேதியை எழுதி, பக்கத்தில் அதிகாரியின் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். பியூனிடம் கொடுத்தால் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். இன்னும் ஒரு முழு நாள் இருந்தது. ஆனால் அதிகாரியிடம் போய், மனுவைப் படிக்காமல் உத்தரவு தயாரித்தேன் என்று சொல்ல வேண்டும். காலையில் அந்தச் சிரிப்பு அவர் காதுவரை போயிருந்தது. நான் கோப்பைக் கட்டிக் கீழ்த்தட்டில் வைத்தேன். மூன்றாம் நாள் சாதாரணமாக வந்தது, சாதாரணமாகப் போனது.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் டீ கொண்டுவந்து வைத்த பியூன் கிளம்பாமல் நின்றார். "அந்த ரதி ஆளு கைல காப்பு இன்னும் கீது சார். கறுத்துப் போய்க் கீது. அவுக்க மாட்டேன்றான்" என்றார். டீயை நான் குடிக்கவில்லை.

அடுத்த மாசிக்கு முன்பே, வாழ்க்கையில் முதல் தடவையாக விதியை மீறினேன். மனுவே இல்லாமல் ஓர் உத்தரவு தயாரித்தேன். தமிழில். மூன்றாம் பிறை முதல் மூன்றாம் நாள் வரை எல்லாத் தேதியும் போட்டேன். அதிகாரியிடம் போன வருடத்துப் பிழையைச் சொன்னேன். அவர் தலையைக்கூடத் தூக்காமல் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடமாக நான் பயந்தது இதற்குத்தான்.

மனுக் கொடுக்க யாரும் வராததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. ஒரு அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நீலகிரிப் பக்கம் தேயிலை வேலை கிடைத்துப் பல குடும்பங்கள் போய்விட்டன, ரதி வேடம் கட்டியவரும் போய்விட்டார் என்றார். மனைவி வந்துவிட்டாரா என்று கேட்டேன். போகும்வரைக்கும் வரவில்லையாம். அவருடைய வீட்டைக் காட்டினார். பூட்டிய கதவில் கரியால் நீலகிரி விலாசம் எழுதியிருந்தது. அதே முத்து முத்தான கையெழுத்து. ஒருவேளை மனைவி வந்தால் அதைப் பார்த்து அங்கே வர வேண்டும் என்று எழுதிவைத்தாராம்.

மிச்சமிருப்பவர்களாவது கூத்து நடத்தலாமே, அனுமதி கையோடு கொண்டுவந்திருக்கிறேன் என்று காகிதத்தை நீட்டினேன். அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, புறம்போக்கில் வட்டமாகக் கல் அடுக்கியிருந்த ஓர் இடத்தைக் காட்டினார். காமனை எரித்த இடம் அது, யாரும் மிதித்துவிடக் கூடாது என்று அடுக்கியது.

"போன வருசத்துக் காமனே இன்னும் எந்திரிக்கல ஐயா. அவர அப்படியே போட்டுட்டு, புதுசா எப்படி நடுறது?"

எங்கள் அலுவலகத்திலும் அதே விதிதான். பழைய கோப்பு நிலுவையில் இருக்கும்போது அதே பொருளில் புதியது திறக்கக் கூடாது.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். நான் எழுதிய தேதியால் ஒரு பெண் கப்பல் ஏறாமல் போயிருப்பாள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அவளுடைய மனுவும் எங்கோ ஓர் அலுவலகத்தில், கட்டத்தை மட்டும் பார்த்து மனுவைப் படிக்காத ஒருவன் மேசையில் கிடந்திருக்கும். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஓய்வுபெற்று இத்தனை வருடம் கழித்தும், யாராவது என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினால் கடைசி வரிவரை படித்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன். அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்துகொண்டேதான் படிக்கிறேன்.