பாதாளக் கரண்டியும் எங்கள் முதல் பனிக்காலமும்

தகரக் கூரையில் யாரோ புழுங்கலரிசியைப் படி படியாக அளந்து கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்... விடிந்தும் ஓயவில்லை.

உறைமழை. விழுகிற துளி விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே மரம், வேலி, படிக்கட்டு, எங்கள் கார்... எல்லாமே கண்ணாடி.

எழுபதுகளின் தொடக்கம். மொன்றியலை விட்டு வடக்கே லோரென்ஷியன் மலைக்கு நாங்கள் குடிவந்து நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு காகித ஆலையில் இன்ஜினியர் வேலை.

அதுவரை மொன்றியலில், டோர்வல் பக்கம், அபார்ட்மென்ட் வாசம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் செங்கல். இங்கே ஜன்னல் நிறைய ஏரி, அதற்குப் பின்னால் மலை. இனி என்னை இங்கிருந்து கிளப்ப யாராலும் முடியாது என்று வந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அவருக்குத்தான் மனசே ஒட்டவில்லை. சிநேகிதர்கள் எல்லாரும் மொன்றியலுக்குப் பக்கத்திலேயே கர்க்லாண்டில் வீடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் மூர்த்தி என்பவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டு, "என்னப்பா, வனவாசம் எப்படிப் போகுது? பதினாலு வருஷமா?" என்று சிரிப்பார்.

கடைசியில் இவர் ஒரு கெடு வைத்தார்.

"ஒரு விண்டர் பாப்போம் கமலா. சமாளிக்க முடியலேன்னா வீட்டை வித்துட்டு கர்க்லாண்ட். அப்புறம் ஏரி, மலைன்னு மூச்சு விடக் கூடாது."

சரி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடு, காட்டை வெட்டி முதன்முதலில் அங்கே குடியேறியவர்கள் கட்டியது. பக்கத்து வீட்டு மதாம் ஜெர்மேன் அந்த வம்சம். அவர் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி பிரெஞ்சு, மிச்சம் கை ஜாடை. அந்தக் காலத்தில் புதுசாக வந்தவர்களிடம் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்களாம். முதல் பனிக்காலத்தைத் தாண்டட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்களாம். பாதிப் பேர் அதற்குள் ஓடிவிடுவார்களாம்.

இதைச் சொல்லிவிட்டு, என் புடவையையும் அதன் மேல் போட்டிருந்த கோட்டையும் ஏற இறங்கப் பார்ப்பார். அவரும் என் பெயரை அதுவரை கேட்டதில்லை.

உறைமழையில் கரண்ட் போயிற்று. விறகு அடுப்பு இருந்ததால் குளிருக்குப் பயமில்லை. தண்ணீருக்குத்தான் திண்டாட்டம். எல்லா வீட்டிலும் கரண்ட் மோட்டார். ஏரிக்கு இறங்குகிற சரிவில் கால் வைத்தால் எலும்பு தேறாது. ஒரு குண்டான் பனியை உருக்கினால் ஒரு தம்ளர் தண்ணீர் வந்தது... அதிலும் பைன் மரத்துக் குப்பை.

மறுநாள் இவர் பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். "ரோடு திறந்ததும் கிளம்பறோம். போதும்."

எனக்கு அழுகை முட்டியது. கூடவே கோபமும். பனி அள்ளப் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றேன்.

விறகுக் கொட்டகைக்குப் பின்னால் பலகை போட்டு மூடிய ஒரு கல் வட்டம்... பழைய குடியேறிகள் வெட்டிய கிணறு. கோடையில் அதன் மேல் நான் பூந்தொட்டி வைத்திருந்தேன்!

கோடரியால் தட்டிப் பலகையைப் புரட்டினேன். உள்ளேயிருந்து ஆவி வந்தது. கீழே தண்ணீர் பளபளத்தது.

துணி காயப்போடுகிற நைலான் கயிறு. ஒரு தகர வாளி. சின்ன வயதில் திருச்சியில் இறைத்த கை, மறக்குமா? கயிற்றை ஒரு சுண்டு சுண்டி வாளியை முங்கவிட்டு, கை மாற்றிக் கை இழுத்தேன். முதல் வாளி மேலே வந்ததும் ஒரு கத்துக் கத்தினேன் பாருங்கள்... மதாம் ஜெர்மேன் வெளியே ஓடிவந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தெருவே வந்தது. பூட்சுக்கு மேல் பழைய கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு, அடுப்புச் சாம்பலைத் தூவித் தூவி நடந்து வந்தார்கள். நான் இறைத்து ஊற்ற ஊற்ற, "மெர்சி, மெர்சி" என்று வாங்கிப் போனார்கள்.

அப்புறம்... பொளக்!

வாளி உள்ளே போய்விட்டது. தேங்காய் நார்க் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சை நான் நைலானில் போட்டிருக்கிறேன். நார் நனைந்தால் இறுகும், நைலான் வழுக்கும் என்று யார் கண்டது? வந்தவர்கள் கையில் இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் வாளி. உள்ளே விட்டால் முங்காமல் ஒய்யாரமாக மிதந்தது. எனக்கு உலகமே இருண்டுவிட்டது.

அதுவரை பின்வாசலில் கை கட்டி நின்ற இவர் திடீரென்று, "கமலா, பாதாளக் கரண்டி!" என்று கத்தினார். ஊரில் கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கிற கொக்கிக் கொத்து.

நிலவறைக்கு ஓடினார். பழைய வீட்டுக்காரர்கள் இறைச்சி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகள் அங்கே கிடந்தன. அவற்றைக் கம்பியால் கொத்தாகக் கட்டி, கயிற்றில் கோர்த்து, ஐஸ் மேலேயே குப்புறப் படுத்துவிட்டார். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள, கிணற்றைத் துழாவினார். முதலில் சேறு. அப்புறம் ஒரு வேர். அப்புறம் கயிறு விறைத்தது.

"மாட்டிக்கிச்சுடீ!"

வாளி மேலே வந்தபோது தெருவே கை தட்டியது. மூக்கு நுனி சிவக்க, மீசையில் பனியோடு அவர் சிரித்த சிரிப்பு... கனடா வந்த நாளாக அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மதாம் ஜெர்மேன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் பேர் என்ன?"

பனிக்காலத்தில் இன்னும் பாதி பாக்கி இருந்தது!

ரோடு திறந்ததும் மூர்த்தி எங்களைக் காப்பாற்றி அழைத்துப்போகக் காரோடு வந்துவிட்டார். "கிளம்புங்க, கிளம்புங்க" என்று ஒரே பறப்பு.

இவர் நிதானமாக, "மொதல்ல காபி குடி. கெணத்துத் தண்ணி," என்றார். பெட்டி பழையபடி பரண் ஏறியிருந்தது.

இப்போது இங்கே எல்லா வீட்டிலும் ஜெனரேட்டர். குழாயைத் திறந்தால் வெந்நீர். அவரும் இல்லை, மதாமும் இல்லை. ஏரியை நான் மட்டும் பார்த்துக்கொண்டு காபி குடிக்கிறேன்.

போன பனிக்காலத்தில் கரண்ட் போனது. குளிரில் என் வீட்டிலும் மதாமின் மகள் வீட்டிலும் ஜெனரேட்டர் மக்கர் செய்துவிட்டது. அவள் வந்து கதவைத் தட்டினாள்.

"போன்ஜூர் கமலா... பாதாளா?"

எங்கள் தெருவில் அதற்கு வேறு பெயரே கிடையாது. வாளியையும் கரண்டியையும் எடுத்துக் கொடுத்தேன். பூட்சுக்கு மேல் காலுறையை மாட்டிக்கொண்டு நானும் கூடவே கிணற்றுக்குப் போனேன். முடிச்சு மட்டும் நான்தான் போட்டேன். நைலானுக்குப் போடுகிற முடிச்சு.