பூட்டி வைத்த மழைக்கணக்கு

மன்னவனூரில் சுகன்யா என்று மூன்று பேர் இருக்கிறார்கள். ‘மழை டப்பா சுகன்யா’ என்று கேட்டால் யாரும் சரியான வீட்டைக் காட்டிவிடுவார்கள். பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம். கொடைக்கானலில் கம்ப்யூட்டர் படித்து, கோயம்புத்தூரில் சில வருஷம் வேலை பார்த்து, சக்திவேலைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவள். அவன் பிக்கப் வண்டி ஓட்டுகிறான்.

கோயம்புத்தூரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னக் கூட்டத்துக்குப் போவாள். நாம் பயன்படுத்துகிற மென்பொருளைத் திறந்து பார்க்கவும், மாற்றவும், அடுத்தவருக்குக் கொடுக்கவும் நமக்கு உரிமை இருக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் அவர்கள். அப்போது அது அவளுக்கு ஒரு நல்ல கருத்தாக மட்டும்தான் இருந்தது. ஊருக்கு வந்த இரண்டாம் வருஷ ஐப்பசியில், பூம்பாறைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பெரிய வளைவில் மண் சரிந்தது. அடுத்த தெருக் கருப்பம்மாள் களையெடுப்புக்குப் போன வேனோடு பள்ளத்துக்குள் போனாள். மேலே எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்று கீழே யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் சுகன்யா உட்கார்ந்து, மழையை அளந்து எச்சரிக்கிற ஒரு கம்ப்யூட்டர் நிரலை எழுத ஆரம்பித்தாள்.

கூட நின்றவன் கோகுல்ராஜ். கல்லூரியில் அவளுக்கு ஜூனியர், இதே ஊர்க்காரன். புனல், பிளாஸ்டிக் குழாய், ஒரு சின்ன சர்க்யூட், ரேடியோ. எல்லாம் சேர்ந்ததுதான் மழை டப்பா. விவசாயிகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கி, மேட்டு நிலங்களில் நட்டார்கள். தொடர் மழை சேர்ந்து ஓர் அளவைத் தாண்டினால் எல்லார் போனுக்கும் செய்தி வரும். நிரலை இருவரும் இணையத்தில் போட்டார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதை வெளியே கொடுத்தால் அந்தத் திருத்தத்தையும் எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. மூணாறு பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒருவன், புனலில் எறும்பு கூடு கட்டினால் கணக்குத் தப்பாமல் இருக்க ஒரு திருத்தம் அனுப்பினான். இன்றுவரை அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை.

இரண்டு மழைக்காலம் நன்றாக ஓடியது. பிறகு டப்பாக்கள் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. எல்லாருக்கும் பொதுவானதை யாரும் தன் வேலையாக நினைக்கவில்லை. அந்தச் சமயத்தில் வானிலைக் கணக்கு விற்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த கோகுல்ராஜ், ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றான்.

“கம்பெனி எல்லா டப்பாவையும் சரி பண்ணி, ஆள் போட்டுப் பாத்துக்கும். உங்களுக்குச் செலவே இல்ல” என்றான்.

“உள்ள எந்த புரோகிராம் ஓடும்? எங்களுக்குத் தெறந்து காட்டுவாங்களா?” என்று சுகன்யா கேட்டாள்.

“அக்கா, தெறந்து வச்சு என்னத்தக் கண்டோம்? பாதி டப்பா செத்துக் கெடக்கு. நீங்க தனியா எத்தன மேடு ஏறுவீங்க?”

கூட்டம் கையெழுத்துப் போட்டது.

டப்பாக்கள் சரியாகின. கம்பெனி சீல் ஒட்டப்பட்டது. மெல்ல மெல்லச் செய்திகள் குறைந்தன. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஆனது. உடனுக்குடன் வரும் கணக்கு, சந்தா கட்டுகிற ரிசார்ட்டுகளுக்கும் டூர்க்காரர்களுக்கும் மட்டும் என்றார்கள். ஊரார் முணுமுணுத்தார்கள், பழகிக்கொண்டார்கள்.

போன கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. சக்திவேல் வெள்ளனே கேரட் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போயிருந்தான். மதியம் கூப்பிட்டான். “எறக்கியாச்சு. கெளம்பிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்த நம்மூருப் பொம்பளைங்க நாலு பேரும் வண்டில இருக்காங்க.” அதோடு லைன் போய்விட்டது.

சுகன்யா ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்த் தோட்டத்து வரப்பு நீருக்குள் மறைந்திருந்தது. போனில் கம்பெனி ஆப்பைத் திறந்தாள். ‘உங்கள் திட்டத்தில் இந்தச் சேவை இல்லை’ என்று வந்தது. கோகுல்ராஜைக் கூப்பிட்டாள். அவன் பெருமாள்மலையில் கம்பெனி அலுவலகத்தில் இருந்தான்.

“கோகுலு, மேட்டு டப்பா என்ன காட்டுது?”

“அக்கா… அத நான் வெளிய சொல்லக் கூடாது. அக்ரிமெண்ட்டு இருக்கு. மேல கேட்டுட்டுச் சொல்றேன்.”

“வண்டில ஆளுங்க வந்துட்டிருக்காங்கடா.”

“கேக்கறேன்க்கா” என்று வைத்துவிட்டான்.

அவள் காத்திருக்கவில்லை. லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, டப்பா நட்டிருந்த ஆண்டிச்சாமியின் மேட்டு நிலத்துக்கு ஏறினாள். சேறு முழங்கால்வரை இழுத்தது. ஆண்டிச்சாமி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

“தாயி, அது கம்பெனி சீலு. பிச்சா கேஸாயிரும்.”

“டப்பா யாரோடதுங்க மாமா? நாம வாங்குனது.”

சீல் காகிதத்தைக் கிழித்து வயரைச் செருகினாள். பழைய நிரலை ஏற்றிவிடலாம், சில நிமிஷ வேலை. விரல் பட்டனுக்குப் போனபோதுதான் உறைத்தது. ஏற்றினால் டப்பா சைபரிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். இத்தனை நாளாகப் பெய்து மண்ணுக்குள் இறங்கியிருக்கிற மழை, அந்தக் கணக்கு, அழிந்துபோகும். அது உள்ளேயேதான் இருந்தது. ஆனால் கம்பெனி அதைச் சங்கேதமாக்கிப் பூட்டியிருந்தது. திரையில் அர்த்தமில்லாத எழுத்துகள் ஓடின. ஊரே காசு போட்டு வாங்கிய டப்பா, அவளே எழுதிய நிரலின் மேல் கட்டிய பூட்டு.

மறுபடி கோகுல்ராஜ். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி. இந்த முறை எடுத்தான்.

“கருப்பம்மா செத்தப்ப நீயுந்தானடா கயிறு கட்டி எறங்குன?” என்றாள்.

அவன் குரல் தணிந்தது. “அளவு தாண்டிருச்சுக்கா. காலை மெசேஜ் போன கொஞ்ச நேரத்துலயே தாண்டிருச்சு. ரிசார்ட்டுக்காரங்க அப்பவே ஆளுங்கள எறக்கிட்டாங்க. நம்ம ஊருக்கு சாயங்கால மெசேஜ்லதான் போகும். நிறுத்துங்க, யாரையும் விடாதீங்க.”

சக்திவேலின் போன் எடுக்கவில்லை. பூம்பாறையில் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கும் வேலுமணியைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, சக்திவேல் வண்டி தாண்டிருச்சா?”

“இன்னும் காணோமே.”

“எந்த வண்டியும் வளைவுக்குப் போகக் கூடாதுண்ணே. வெரசா ரோட்ட மறிங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

வேலுமணி ஏன் என்று கேட்கவில்லை. பெஞ்சை இழுத்து நடுரோட்டில் போட்டார். சிறிது நேரத்தில் பிக்கப் வந்து நின்றது. பின்னால் பஸ். பின்னால் ஒரு ஜீப். மழையில் நின்ற டிரைவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். “எவளோ போன்ல சொன்னான்னு ரோட்ட மறிப்பியா?” நேரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. சக்திவேலுக்கே மனசு ஊசலாடியது. வண்டியில் இருந்த ஒருத்திக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. ஜீப்காரன் பெஞ்சைத் தள்ளிவிட்டு ஓரமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டான். “அவன் போயிட்டான், எங்களுக்கு என்ன?” என்று பஸ் டிரைவர் இன்ஜினைப் போட்டார். சக்திவேல் தன் பிக்கப்பைக் குறுக்கே திருப்பி நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அவ தப்பாச் சொல்லிருந்தா என்னைய வந்து அடிங்கண்ணே” என்றான்.

ஜீப்பின் சத்தம் மறைந்து கொஞ்ச நேரம் கழித்து மலை முனகியது. அந்த இரைச்சல் டீக்கடைத் தகரத்தை அதிர வைத்தது. பெரிய வளைவு, ரோடும் மரமுமாகக் கீழே போயிருந்தது. ஜீப் மயிரிழையில் அந்தப் பக்கம் சேர்ந்திருந்தது.

ஒரு வாரத்தில் கம்பெனி சுகன்யாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சீலை உடைத்ததாகக் குற்றச்சாட்டு. கோகுல்ராஜை வேலையைவிட்டு அனுப்பியது. பயந்ததை அவள் மறைக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு கோயம்புத்தூர்ப் பழைய கூட்டத்தாரிடம் பேசினாள். அவர்களில் ஒருவர் வக்கீல். கம்பெனி விற்ற மென்பொருள், சுகன்யாவும் கோகுல்ராஜும் திறந்து வைத்த நிரலின் மேல் கட்டியது. நிபந்தனைப்படி அதைத் திறந்து தர வேண்டும் என்று பதில் போனது. ரிசார்ட்டுக்குக் காலையில் போன எச்சரிக்கை ஊருக்குப் போகவில்லை என்பது அதற்குள் ஊரெல்லாம் தெரிந்திருந்தது. கம்பெனி சண்டையை நீட்டவில்லை. நிரலைத் திறந்தது, நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டது, மலையைவிட்டுப் போனது.

திறந்த நிரலைச் சுகன்யா வரிவரியாகப் படித்தாள். மூடுபனியில் ரேடியோ விட்டுவிட்டு வந்தால் சமாளிக்கிற ஒரு பகுதி அருமையாக இருந்தது. எழுதியவன் கோகுல்ராஜ். அதை அப்படியே எடுத்து, அவன் பெயரைப் போட்டுச் சேர்த்தாள்.

“அவனோடத ஏன் எடுக்குற?” என்று சக்திவேல் கேட்டான்.

“நல்லா எழுதிருக்கான்ங்க.”

ஊர்க்கூட்டத்தில் அவள் முதலில் பேசியது கம்பெனியைப் பற்றி அல்ல. “கோகுலு சொன்னதுல ஒண்ணு நெசம். தெறந்து வச்சா மட்டும் போதாது. பாத்துக்க ஆள் வேணும்” என்றாள். மேட்டு நிலத்துக்காரர்கள் டப்பாவுக்கு ஒரு வீடாகப் பொறுப்பேற்றார்கள். சிலர் ஒழுங்காகச் செய்கிறார்கள், சிலரை விரட்ட வேண்டியிருக்கிறது. கோகுல்ராஜ் இப்போது ஆயக்குடியில் அக்கா வீட்டில் இருக்கிறான். எப்போதாவது திருத்தம் அனுப்புகிறான். பேச்சு அளவோடுதான்.

இந்தச் சித்திரையில் கொடைக்கானல் லாட்ஜ்காரர்கள் சிலர் அவளைக் கூப்பிட்டு, சீசனில் சனி ஞாயிறு மட்டும் கணக்கை வெளியே காட்ட வேண்டாம், டூரிஸ்ட் பயப்படுகிறான் என்று கேட்டார்கள். முடியாது என்றாள். அதில் ஒருவர், உன்னை யார் இந்த வேலைக்குப் போட்டது என்றார். யாரும் போடவில்லை என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தாள்.

அடுத்த மாதம் பெருமாள்மலை வேன் டிரைவர்கள் அதே நிரலை எடுத்து, காட் ரோட்டு மலைப்பாதைக்குத் தங்கள் டப்பாவை நட்டிருந்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.