நான்காய் மடித்த நோட்டீஸ்

பேருந்து நிறுத்தத்தில் எல்லோரும் பஸ் வருகிற திசையைப் பார்த்து நிற்க, அவள் மட்டும் தரையைப் பார்த்து நடக்கிறாள். கீழே கிடக்கும் நோட்டீஸ் ஒவ்வொன்றையும் எடுத்து, மண்ணைத் தட்டி, அது எப்படி எறியப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே பைக்குள் வைக்கிறாள். கசக்கி எறிந்தது ஓர் உறைக்குள் போகும். மடித்து எறிந்தது இன்னோர் உறைக்குள். “கசக்கினவரு படிக்கவே இல்ல. மடிச்சவரு வேணும்னு நினைச்சிருக்காரு. அப்புறம் ஏன் தூக்கிப் போட்டாரு? அதுதான் எனக்குத் தெரியணும்” என்பாள், யாரும் கேட்காமலே.

வயது இருபத்து மூன்று. படித்தது மார்க்கெட்டிங். தோள்பை அக்காவுடையது, ஜிப் போன இடத்தில் ஊக்கு மாட்டியிருக்கிறது. நேர்காணலுக்கான ஷூ அந்தப் பைக்குள் இருக்கும். போகிற அலுவலகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்துதான் செருப்பைக் கழற்றி அதை மாட்டிக்கொள்வாள். அப்படிப் பதினோரு மாடிப்படிகளைப் பார்த்தாயிற்று. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: அனுபவம் உண்டா? நான்காவது இடத்தில் பொறுக்க முடியாமல், “முதல் வேலைக்கே அனுபவம் கேட்டா நான் எங்க சார் போய் வாங்கிட்டு வர்றது?” என்று கேட்டுவிட்டாள். சொல்லியிருந்த தேநீர் வருவதற்குள் நேர்காணல் முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் பேச்சைக் குறைத்துக்கொண்டு நோட்டீஸ் பொறுக்க ஆரம்பித்தாள்.

இருப்பது அக்கா வீட்டில். மாமா கதவைத் திறக்கும்போதே தொடங்கிவிடுவார்.

“வாங்க மேடம், இன்னிக்கு எத்தனை கிலோ?”

“மழை மாமா. சரக்கு கம்மி.”

அக்காவுக்குச் சிரிப்பு வராது. “ஏண்டி, காலேஜுக்கு அனுப்பினது குப்பை பொறுக்கவா? மாசக் கடைசி வரைக்கும் பாரு. கிடைக்கலன்னா மாமா ஆபீஸ்ல டைப் அடிக்கப் போயிடணும், சொல்லிட்டேன்.”

அந்தக் கெடுவில் மூன்று நாள் மிச்சமிருந்தபோது, தண்ணீர் வடிகட்டி விற்கும் ஒரு சின்ன நிறுவனம் கூப்பிட்டது. மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் பையின் ஊக்கைக் கழற்றி, மடித்தவை இருந்த உறையை எடுத்து மேசையில் கவிழ்த்தாள்.

“உங்க நோட்டீஸ்தான் சார். ஒரு வாரமா பொறுக்கினது. முப்பத்தாறு பேரு நாலா மடிச்சு பாக்கெட்டுல வச்சிருந்திருக்காங்க. மடிப்பு எங்க விழுதுன்னு பாருங்க.”

நட்டநடுவில், பெரிய எழுத்தில் தொலைபேசி எண். மடிப்பு அதன் மேலேயே ஓடி, மை உதிர்ந்து வெளுத்திருந்தது. ஒன்றில் யாரோ பேனாவால் எண்ணை நிரப்பப் பார்த்து, மூன்று இலக்கம் பிடிபடாமல் விட்டிருந்தார்கள்.

“இதை டிசைன் பண்ணதே நான்தான்மா” என்றார் மேலாளர். குரலில் ஈரம் இல்லை.

பன்னிரண்டாவது படியும் போயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

“நல்லா இருக்கப்போய்தான் சார் மடிச்சு வச்சிருக்காங்க. நம்பரை மட்டும் மூலைக்குத் தள்ளிடுங்க.”

அவர் புது நோட்டீஸ் ஒன்றை எடுத்து நான்காய் மடித்தார். பிரித்தார். மடிப்பின் மேல் நகத்தால் ஒரு கோடு இழுத்தார். பிறகு பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “பிரஸ்ஸுக்குப் போன் போடுங்க. அடுத்த கட்டு நோட்டீஸை அடிக்க வேணாம்னு சொல்லுங்க.” அவள் பக்கம் திரும்பினார். “திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துட முடியுமாம்மா?”

அரை மணி கழித்து, வேலைக்கான கடிதத்துடன் அதே மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அக்காவின் பைக்குள் அடங்கும்படி நான்காய் மடித்தாள். என்ன நினைத்தாளோ, மறுபடி பிரித்தாள். மடிப்பு, வேலையில் சேர வேண்டிய தேதியின் மேல் விழுந்திருந்தது. முழங்காலில் வைத்து அந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, மூன்றாய் மடித்தாள்.